கவுதாரிக் கூட்டைக் கலைத்தவர் யார்?

"ஏரிக்கரையில் புல்லறுக்கும் பெண்களாலும், மாடு மேய்க்கும் பஞ்சைகளாலும்தான் பறவைகள் அழிகின்றன!"

இப்படி ஒரு பிரசாரம் நம் நாட்டில் நெடுங்காலமாக நடந்து வருகிறது. ஞாயிற்றுக்கிழமைக் காலையில் பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஏரிக்கரைக்கு வந்துபோகும் கனவான்கள் சிலர் இதைச் சொல்கிறார்கள். அதிகாரிகள் சிலர் "ஆமாம், ஆமாம்" என்று தலையாட்டுகிறார்கள்.

இந்தக் கனவான்களின் பங்காளிகள் வேறொரு பேச்சுப் பேசுகிறார்கள். "புல் முளைத்துக் கிடக்கும் இடம் வெறும் தரிசு. அதனால் யாருக்கு என்ன பிரயோஜனம்? மனை போடு! சுவர் எழுப்பு! ஒன்றும் முடியாவிட்டால் மரத்தையாவது நட்டு வை!"

தோழர்களே! இரண்டு பேச்சும் பொய். முதல் பொய் ஏழையைப் புல்வெளியிலிருந்து விரட்டுகிறது. இரண்டாவது பொய் புல்வெளியையே விழுங்கி ஏப்பம் விடுகிறது. இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டுச் சாகிறது, தரையில் முட்டையிட்டுப் பிழைக்கும் பறவை.

உண்மை என்ன? புல்லை அறுப்பதனாலேயே பறவை அழிந்துவிடுவதில்லை. எப்போது அறுக்கிறார்கள், எவ்வளவு வேகத்தில் அறுக்கிறார்கள், எந்தப் பக்கமிருந்து அறுக்கிறார்கள், யாருடைய லாபத்துக்காக அறுக்கிறார்கள் - இந்த நான்கும்தான் பறவையின் உயிரை நிர்ணயிக்கின்றன. வாய்ப்பந்தல் போடவில்லை, கணக்கோடு சொல்கிறோம்.

இருபது நாள் தவணை

மரத்தில் கூடு கட்டும் காக்கையை எல்லோரும் அறிவார்கள். ஆனால் மரமே வேண்டாம் என்று, வெறுந்தரையில் குடித்தனம் நடத்தும் பறவைகள் பல உண்டு. உழவர்கரை, வில்லியனூர், பாகூர்ப் பக்கத்து உழைப்பாளிகளுக்கு இவை புதியவை அல்ல. கவுதாரி, காடை, ஆள்காட்டி, வானம்பாடி, வரப்பில் வாலாட்டித் திரியும் நெட்டைக்காலி - எல்லாம் இந்த ஜாதிதான்.

கவுதாரி புல் குத்துக்கு அடியில் சிறு பள்ளம் பறித்து, நாலைந்து முதல் எட்டு முட்டை வரை இடும். அடைகாப்பது ஏறத்தாழ 18, 19 நாள். ஆள்காட்டி கூழாங்கற்களுக்கு நடுவே நாலு முட்டை இடும். குஞ்சு பொரிக்க நாலு வாரம் செல்லும். கருங்காடையின் சங்கதி விசித்திரமானது. அங்கே பெட்டை முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். அடைகாத்துக் குஞ்சை வளர்ப்பது சேவல். வானம்பாடிக்கு இரண்டு மூன்று முட்டைதான்.

ஆக, இவற்றுக்கு வேண்டியது என்ன? ஏக்கர் கணக்கில் பட்டா அல்ல. இரண்டு வாரம், மூன்று வாரம், மிஞ்சினால் நாலு வாரம் கால அவகாசம். அதன் பிறகு குஞ்சு ஓடித் திரிந்து பறக்கப் பழகுவதற்கு இன்னும் சில வாரம். அந்தத் தவணை கிடைத்தால் குடும்பம் பிழைக்கும். கிடைக்காவிட்டால் முட்டையோடு போயிற்று.

இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். ஆபத்து வந்தால் இந்தக் குஞ்சுகள் ஓடுவதில்லை. தரையோடு தரையாக அப்படியே பதுங்கிவிடும். பருந்தும் நரியும் வந்தால் அந்தத் தந்திரம் உயிரைக் காக்கும். மண்ணின் நிறமும் குஞ்சின் நிறமும் ஒன்றாகவே இருக்கும். ஆனால் சுழலும் இரும்புக் கத்தி வந்தால்? பதுங்கிய இடமே புதைகுழி!

இந்தப் பறவைகள் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி நிலம் போதும் என்று நினைப்பதும் தவறு. கவுதாரிக்கும் காடைக்கும் மறைந்துகொள்ள உயர்ந்த புல் வேண்டும். ஆள்காட்டிக்கும் வானம்பாடிக்கும் மாடு மேய்ந்த குட்டைப் புல்லும் திறந்த தரையும் வேண்டும். ஒரு பக்கம் மேய்ந்த நிலம், ஒரு பக்கம் அறுத்த நிலம், ஒரு பக்கம் விட்டுவைத்த நிலம் என்று கலந்து கிடந்தால்தான் எல்லாம் பிழைக்கும். மாட்டை முற்றாக விரட்டினாலும் நஷ்டம். முழுவதையும் ஒரே நாளில் மொட்டையடித்தாலும் நஷ்டம்.

கருக்கரிவாளும் இயந்திரமும்

பால் மாடு ஒன்றிரண்டு வைத்துப் பிழைக்கும் பெண் எப்படிப் புல் அறுக்கிறாள்? குனிந்து, கைப்பிடி கைப்பிடியாக அறுக்கிறாள். காலடிச் சத்தம் கேட்டுத் தாய்ப் பறவை விர்ரென்று எழும்பும். முட்டை கண்ணில் படும். அந்த ஒரு குத்தை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போக அவளால் முடியும். ஒரு நாளில் அவள் சுமக்கும் கட்டு ஒன்றோ இரண்டோ. மறுநாள் வேறு இடம். ஏரிக்கரை முழுவதையும் ஒரே பகலில் சிரைத்துப்போட அவளால் ஆகாது. அவளுடைய ஏழ்மையே பறவைக்குத் தவணை கொடுத்தது!

இயந்திரம் எப்படி அறுக்கிறது? ஆசனத்தில் உட்கார்ந்து ஓட்டுகிறவனுக்குக் கீழே இருப்பது தெரியாது. தெரிந்தாலும் நிறுத்த முடியாது. மணிக்கு இவ்வளவு, ஏக்கருக்கு இவ்வளவு என்று வாடகை ஓடிக்கொண்டிருக்கிறது. ஓட்டுகிறவனும் கூலிக்காரன்தான், அவனைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. நிறுத்தினால் அவன் கூலி போகும்.

இந்த இடத்தில் ஆலைத் தொழிலாளித் தோழர்களுக்கு அதிக விளக்கம் தேவையில்லை. தறியின் வேகத்தைக் கூட்டினால் யாருடைய கை விரல் போகிறது என்பது உங்களுக்குத் தெரியும். புதுச்சேரியில் 1936 ஜூலை 30 அன்று 12 தொழிலாளர்கள் துப்பாக்கிக் குண்டுக்கு உயிர் கொடுத்தார்கள். மறு வருஷமே 8 மணி நேர வேலைக்குச் சட்டம் வந்தது. உடல் தாங்கும் நேரம் எவ்வளவு என்பதை இயந்திரம் தீர்மானிக்கக் கூடாது என்பதே அந்தப் போராட்டத்தின் சாரம். புல்வெளியிலும் இதே கேள்விதான் எழுகிறது. அங்கே உயிர் போவது வாயில்லாப் பிராணிக்கு.

ஐரோப்பா கற்ற பாடம்

இது நம் ஊரில் மட்டும் நடக்கும் சங்கதி அல்ல. ஐரோப்பாவில் கார்ன்கிரேக் என்று ஒரு பறவை உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் ரால் தே ழெனே என்பார்கள். கானாங்கோழி இனத்தைச் சேர்ந்தது, காடையைவிடப் பெரிது. குளிர்காலத்தில் ஆப்பிரிக்காவுக்குப் போய், வேனிலில் திரும்பி வந்து, வைக்கோலுக்காக வளர்க்கும் புல்வெளியில் கூடு கட்டும். ஈட்டுக்கு எட்டு முதல் பன்னிரண்டு முட்டை. ஒரு வேனிலில் இரண்டு ஈடு.

அந்த நாட்டு உழவர்கள் கை அரிவாளால் அறுத்த காலத்தில் இந்தப் பறவை ஊருக்கு ஊர் இருந்தது. இயந்திரம் வந்தது. அறுப்பு நாள் முன்னே தள்ளப்பட்டது. ஏன்? பூக்கும் முன் அறுத்த புல்லில் சத்து அதிகம், பால் அதிகம், லாபம் அதிகம். பறவை அடைகாக்கும் நாளும் இயந்திரம் இறங்கும் நாளும் ஒன்றாகிவிட்டன. பிரிட்டனில் பெரும்பாலான இடங்களிலிருந்து இது மறைந்தே போயிற்று. ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில், சிறு குத்தகை உழவர்கள் பழைய முறையில் பயிர் செய்த இடத்தில்தான் மிஞ்சியது. 1993ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் கூவும் சேவல்கள் சுமார் 480தான்!

அப்போது ஆராய்ச்சியாளர்கள் ஒரு சங்கதியைக் கண்டுபிடித்தார்கள். புல்வெளியை ஓரத்திலிருந்து தொடங்கிச் சுற்றிச் சுற்றி உள்நோக்கி அறுப்பது வழக்கம். குஞ்சுகள் பயந்து நடுவே ஒதுங்கும். கடைசியில் நடுவில் ஒரு துண்டுப் புல் மிஞ்சும். அந்தத் துண்டில் அத்தனை குஞ்சும் அடைந்து கிடக்கும். கடைசிச் சுற்றில் எல்லாம் கூண்டோடு நாசம்! இதையே திருப்பி, நடுவிலிருந்து தொடங்கி வெளிநோக்கி அறுத்தால் குஞ்சுகள் ஓரத்துக்கு ஓடித் தப்பும். ஓரத்திலிருந்து அறுத்தபோது குஞ்சுகளில் பாதிக்கு மேல் செத்தன. நடுவிலிருந்து அறுத்தபோது சாவு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. அதே இயந்திரம், அதே புல், அதே ஆள். போகும் திசை மட்டும்தான் மாறியது!

ஆகஸ்ட் பிறக்கும் வரை அறுப்பைத் தள்ளிப்போடும் சிறு உழவர்களுக்கு அங்கே ஈட்டுத்தொகை கொடுத்தார்கள். சேவல்களின் எண்ணிக்கை 2014இல் 1,200ஐத் தாண்டியது. அதன் பிறகு மறுபடி சரிந்தது. தளர்ந்தால் சரியும் என்பது இதில் தெரிகிறது.

பிரான்சிலும் லுவார் நதிப் பள்ளத்தாக்கில் 1990கள் முதல் இம்மாதிரி ஒப்பந்தங்கள் உண்டு. அப்படியும் அங்கே பறவை தேறவில்லை, குறைந்துகொண்டே போயிற்று. இங்கே ஒரு வயல், அங்கே ஒரு வயல் என்று ஒட்டுப் போட்டால் போதாது. வட்டாரம் முழுவதும் ஒரே திட்டம் வேண்டும்.

ஐரோப்பாவின் அனுபவம் இதைத்தான் காட்டுகிறது. அறுப்பைத் தள்ளிப்போடுவதில் ஒரு நஷ்டம் உண்டு. முற்றிய புல்லில் சத்து குறையும். அந்த நஷ்டம் யார் தலையில் விழ வேண்டும் என்பதே கேள்வி. உழைக்கிறவன் தலையில் கட்டினால் திட்டம் தோற்கும். சமூகம் ஏற்றுக்கொண்டால் பறவையும் பிழைக்கும், உழவனும் பிழைப்பான்.

பரத்பூரில் நடந்தது

"அதெல்லாம் எதற்கு? வேலி போட்டு ஆளையும் மாட்டையும் வெளியே தள்ளிவிட்டால் பறவை தானே பெருகும்" என்று சொல்லும் கனவான்களை ராஜஸ்தானத்துப் பரத்பூருக்குக் கூப்பிடுகிறோம்.

அங்கே கேவலாதேவ் என்று சுமார் 29 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஈர நிலம் உண்டு. உலகப் புகழ் பெற்ற பறவைத் தலம். சுற்றியுள்ள கிராமத்து ஜனங்கள் தலைமுறை தலைமுறையாக எருமைகளை அங்கே மேய்த்தார்கள், புல் அறுத்தார்கள். அது தேசியப் பூங்காவாயிற்று. 1982 நவம்பரில் மேய்ச்சல் அடியோடு தடை செய்யப்பட்டது. மாற்று வழி என்ன என்று கேட்ட ஜனங்களுக்குப் பதில் கிடைக்கவில்லை. மோதல் மூண்டது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் பலர் உயிர் இழந்தார்கள்.

பறவைக்காக மனித உயிர் பறிபோயிற்றே, அந்தப் பறவையாவது வாழ்ந்ததா? கேளுங்கள்! தடை வேண்டும் என்று ஆரம்பத்தில் சொன்ன பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகமே அங்கே 10 ஆண்டு ஆராய்ச்சி நடத்தியது. எருமை போன பிறகு நீர்ப்புல் தங்குதடையின்றி மண்டிக் கிடக்கிறது, திறந்த நீர்ப்பரப்பு மூடிக்கொண்டது, நீர்ப்பறவைகளுக்கு அது கெடுதலே செய்தது என்று 1991இல் அந்த ஆராய்ச்சியே சொல்லிற்று. பின்னர் அதே கிராமத்து ஜனங்கள் உள்ளே வந்து புல்லறுத்துப் போக அனுமதி கொடுத்தார்கள்.

யாரைக் குற்றவாளி என்று சுட்டார்களோ, அவர்களுடைய அரிவாளையே பிறகு துணைக்கு அழைத்தார்கள்! இந்தச் சரித்திரம் தெரிந்த பிறகும் "புல்லறுப்பவளை விரட்டு" என்று ஒருவர் சொன்னால், அவருடைய அக்கறை பறவைமீதா, வேலிமீதா?

வைக்கோலைக் காத்த இடத்தில் பறவையும் வாழ்ந்தது

வரகுக்கோழி என்று ஒரு பறவை உண்டு. வரகு விளைந்த காட்டில் திரிந்த பறவைக்குத் தமிழன் வைத்த பெயர் அது. மழைக்காலத்தில் சேவல் புல்லுக்கு மேலே எம்பி எம்பிக் குதித்துப் பெட்டையை அழைக்கும். ஒரு நாளில் நூற்றுக்கணக்கான தடவை குதிக்கும். பெட்டை தரையில் மூன்று நாலு முட்டையிட்டுத் தனியாகவே அடைகாக்கும். இதன் பிரசவக் களம் குஜராத்தும், ராஜஸ்தானமும், மத்தியப் பிரதேசத்து மாளவமும்.

மாளவத்தில் ரத்லாம் பக்கம் சைலானா என்ற ஊர் உண்டு. அங்கே பழைய சமஸ்தானக் காலத்திலிருந்தே புல்லுக்கென்று காவலில் வைத்த வெளிகள் இருந்தன. மழைக்காலம் முழுவதும் மாடு உள்ளே வராது. மழை ஓய்ந்து, புல் முற்றி, ஐப்பசி வாக்கில்தான் அறுப்பு. வரகுக்கோழி ஆடியில் வந்து புரட்டாசிக்குள் குஞ்சு பொரித்துவிடும். மனிதனுக்கு வைக்கோல், பறவைக்குப் பிள்ளைப்பேறு. ஒரே நிலம், ஒரே காவல். 1983இல் இந்த இடத்தைப் பறவைச் சரணாலயமாக அறிவித்தார்கள். வயலில் வரகுக்கோழியைக் கண்டு தகவல் சொல்லிக் காப்பாற்றும் உழவருக்குச் சன்மானம் என்ற திட்டமும் 2005இல் வந்தது.

அப்படியானால் வரகுக்கோழி பெருகியிருக்க வேண்டுமே? இல்லை! காரணம் அரிவாள் அல்ல. சரணாலயத்துக்கு வெளியே இருந்த புல்வெளிகள் உழப்பட்டுச் சோயாபீன் சாகுபடிக்குப் போயின. மிச்சமிருந்த புல்லில் மாடுகள் நெருக்கியடித்தன. நாடு முழுவதும் 1999இல் சுமார் 3,500 என்று மதிப்பிட்ட பறவை இன்று ஆயிரத்தைத் தொடுமா என்ற நிலைக்கு வந்துவிட்டது. 2021இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை அழிவின் விளிம்பில் நிற்கும் இனம் என்று பட்டியலிட்டது.

நம் தமிழ்நாட்டிலேயே இதற்கு இணையான முறை உண்டு. காங்கேயம் பக்கத்துக் கொறங்காடு! சுற்றிலும் கிளுவை வேலி, நடுவே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம். மாட்டை ஒரு காட்டில் சில நாள் விட்டு, பிறகு அடுத்த காட்டுக்கு ஓட்டிவிடுவார்கள். மேய்ந்த நிலம் ஓய்வு கொள்ளும், புல் மறுபடி எழும்பும். எந்தப் பல்கலைக்கழகமும் கற்றுக் கொடுக்காத காலத்தில் காங்கேயத்து உழவனும் மேய்ப்பனும் கண்ட விஞ்ஞானம் இது. நிலத்துக்கு ஓய்வு கொடுத்தால் புல்லுக்கு வேர் இறங்கும்; அந்த ஓய்வு நாளில்தான் கவுதாரியும் குடும்பம் நடத்தும்.

"தரிசு" என்னும் மோசடி

இப்போது உழவர்கரைக்கு வருவோம். உழவர்கரை என்று பெயர். கரை இருக்கிறது, உழவர் எங்கே? பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் தனிக் கொம்யூனாக இருந்த இந்த மண்ணில், 2011 குடிக்கணக்கின்படி 3 லட்சம் பேர் வசிக்கிறார்கள். வயல் மனையாயிற்று, களத்துமேடு கடையாயிற்று, மேய்ச்சல் புறம்போக்கு எங்கே போயிற்று என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. ஜனங்களுக்கு வீடு வேண்டும். அதை யார் மறுத்தார்கள்? ஆனால் வீடில்லாதவனுக்கா அந்த மனைகள் போயின? கூரைக் குடிசையில் இருந்தவன் இன்னும் குடிசையில்தானே இருக்கிறான்!

மேற்கே ஊசுடு ஏரி கிடக்கிறது. புதுச்சேரி எல்லையிலும் தமிழ்நாட்டு எல்லையிலுமாகச் சுமார் 800 எக்டேர். புதுச்சேரிப் பகுதி 2008இலும் தமிழ்நாட்டுப் பகுதி அதற்குப் பின்னரும் சரணாலயமாயின. நல்லது, வரவேற்கிறோம். குளிர்காலத்தில் வரும் வாத்துக் கூட்டத்தைப் பார்க்கப் பட்டணமே திரளுகிறது. ஆனால் கோடையில் நீர் வற்றி, கரையோரத்தில் புல் தலைகாட்டும்போது, ஆள்காட்டியும் வானம்பாடியும் அங்கே முட்டையிடும் என்பதை எத்தனை பேர் நினைக்கிறார்கள்? அந்தப் பங்குனி, சித்திரை, வைகாசியில்தான் ஏரிகளில் தூர் வாரப் பொக்லைன் இறங்குவதும், கரையைச் செதுக்குவதும், காய்ந்த புல்லுக்குத் தீ வைப்பதும் எங்கும் நடக்கும் வழக்கம். தூர் வார வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. நீர் இல்லாமல் உழவு ஏது? ஆனால் ஒரே மாதத்தில், ஒரே மூச்சில், எல்லாப் பக்கமும் கிழித்துப் போட வேண்டும் என்ற அவசரம் யாருடையது? கான்டிராக்டரின் பில் தேதியா, உழவனின் தேவையா?

சர்க்கார் ஏட்டில் புல்வெளிக்கு என்ன மரியாதை தெரியுமா? நாட்டின் தரிசு நில வரைபடம் என்று மத்திய சர்க்கார் வெளியிடும் புத்தகத்தில், மேய்ச்சல் நிலமும் புதர்க்காடும் "தரிசு" என்ற தலைப்பின் கீழ் வருகின்றன. தரிசு என்று ஏட்டில் ஏறிவிட்டால் போதும். யாருக்கு வேண்டுமானாலும் அள்ளிக் கொடுக்கலாம். எந்த மரத்தை வேண்டுமானாலும் நடலாம்.

மரம் நட்டால் புண்ணியம் என்கிறார்கள். எல்லா இடத்திலும் அல்ல! குஜராத்தின் பன்னிப் புல்வெளியில் 1960களின் தொடக்கத்தில் வனத்துறை வேலிக்காத்தான் மரத்தை நட்டது. உப்பு பரவுவதைத் தடுக்கிறோம் என்றார்கள். அது புல்லை விழுங்கிக்கொண்டு பரவியது. மாடு வளர்த்த ஜனங்கள் தவித்தார்கள். நம் கரையோரங்களில் அதே வேலிக்காத்தான் என்ன செய்திருக்கிறது என்பதைக் கால் முள்ளால் அறிந்தவர்கள் நீங்கள். அந்த நிழலில் புல்லும் இல்லை, மாடும் இல்லை, வானம்பாடியும் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 2011 ஜனவரி 28 அன்று உச்ச நீதிமன்றம், பஞ்சாப் கிராமக் குளம் ஒன்றைப் பற்றிய வழக்கில், கிராமப் பொது நிலங்களின் ஆக்கிரமிப்பை அகற்ற எல்லா மாநிலங்களும் திட்டம் வகுக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பு ஏட்டில் இருக்கிறது. நிலம் எங்கே இருக்கிறது?

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தையும் எடுத்துப் பாருங்கள். தேசியப் பூங்காவில்தான் மேய்ச்சலுக்கு முழுத் தடை. சரணாலயத்தில் மேய்ச்சலை ஒழுங்குபடுத்தவும், கட்டுப்படுத்தவும், தேவையானால் தடுக்கவும் அதிகாரிக்கு அதிகாரம் உண்டு என்றே சட்டம் சொல்கிறது. "ஒழுங்குபடுத்தலாம்" என்ற வார்த்தை அதிகாரிகளின் கண்ணில் படாமல் "தடுக்கலாம்" என்பது மட்டும் படுவானேன்? மேய்ப்பனோடு உட்கார்ந்து பேசுவதைவிடப் போர்டு மாட்டுவது சுலபம் என்பதாலா?

நம் தோழர்கள் கேட்கும் கேள்வி

"வயிற்றுக்கே வழியில்லை, கவுதாரிக்கு வக்காலத்தா?" என்று நம்மிலே சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். 2020இல் ஏ.எப்.டி. ஆலையும், சுதேசி, பாரதி ஆலைகளும் மூடப்பட்டன. சங்கொலி கேட்டு விழித்த ஊரில் இன்று சங்கு இல்லை. கழனியிலோ அறுப்பு மெஷின் வந்து கூலி நாட்களைத் தின்றுவிட்டது. இந்த நிலையில் பறவை எதற்கு?

பதில் சொல்கிறோம். பறவைக்கு வேண்டிய நிலமும் உங்களுக்கு வேண்டிய நிலமும் ஒன்றுதான். ஆலையில் வேலை போனவன் வீட்டில், கழனியில் வேலை இல்லாதவள் வீட்டில், கடைசியாக நிற்பது ஒரு மாடு, இரண்டு ஆடு. அதற்குப் புல் எங்கிருந்து வருகிறது? விலை கொடுத்து வாங்கும் தீவனத்திலிருந்தா? ஏரிக்கரை, வாய்க்கால் கரை, புறம்போக்கு - இவைதாம் ஏழையின் தீவனக் கிடங்கு. அந்த நிலம் மனையாகும் நாளில் ஆள்காட்டி கூட்டை இழக்கிறது; அதே நாளில் நீங்கள் மாட்டை விற்கிறீர்கள். ஆள்காட்டி கத்திவிட்டுப் போகிறது. நாமும் வாய்மூடி இருக்க வேண்டுமா?

இன்னொன்று. நெல் வயலில் பூச்சியைத் தின்பது யார்? வானம்பாடியும் நெட்டைக்காலியும் தம் குஞ்சுகளுக்குப் பூச்சியும் புழுவும்தான் ஊட்டும். கவுதாரி கறையானைக் கிளறித் தின்னும். காசு வாங்காத இந்த வேலைக்காரர்களை அழித்துவிட்டு, மருந்துக் கடைக்குக் கடன் சொல்லிப் போவது என்ன புத்திசாலித்தனம்?

மாடு மிதித்து முட்டை உடைவதில்லையா என்று சிலர் மடக்குவார்கள். உடைகிறது, மறுக்கவில்லை. பத்து மாடு பரந்து மேய்ந்த நிலத்தில் கூடு தப்பும். அதே பத்து மாட்டைக் கால் பங்கு நிலத்தில் அடைத்தால் ஒரு கூடும் தப்பாது. முக்கால் பங்கு நிலத்தை விழுங்கியவனை விட்டுவிட்டு, கால் பங்கில் நெருக்கியடிக்கும் மாட்டுக்காரனைப் பிடிப்பது எந்த ஊர் நியாயம்?

நாம் கோருவது

வெறும் கண்டனத்தோடு நிறுத்துவது நம் வழக்கமல்ல. செய்யக்கூடியதைச் சொல்கிறோம்.

1. உழவர்கரை, வில்லியனூர்ப் பகுதிகளில் எஞ்சியுள்ள மேய்ச்சல் புறம்போக்கு, ஏரிக்கரை, வாய்க்கால் கரை ஆகியவற்றை அளந்து, சர்வே எண்ணோடு ஊர்ப் பொது இடத்தில் எழுதி வைக்க வேண்டும். "தரிசு" என்ற பெயரை எடுத்துவிட்டுப் புல்வெளி என்று ஏட்டில் ஏற்ற வேண்டும்.

2. புல்லறுக்கும் உரிமையைக் கான்டிராக்டருக்கு ஏலம் விடாமல், கையால் அறுக்கும் பெண்களின் கூட்டுறவுக்கு முதலில் கொடுக்க வேண்டும்.

3. பங்குனி முதல் ஆடி வரை ஒரே மூச்சில் முழுக் கரையையும் அறுக்கவோ செதுக்கவோ கூடாது. கரையைப் பகுதி பகுதியாகப் பிரித்து, எப்போதும் ஒரு பகுதியை விட்டுவைக்க வேண்டும். புல்லுக்குத் தீ வைப்பதை நிறுத்த வேண்டும்.

4. இயந்திரம் இறங்கும் இடத்தில் நடுவிலிருந்து வெளிநோக்கி, மெதுவாக அறுக்க வேண்டும். அதனால் கூடும் நேரத்துக்கு ஓட்டுநருக்குக் கூலி கொடுக்க வேண்டும்.

5. அறுப்பைத் தள்ளிப்போடும் நாட்களுக்கு, மாடு வைத்திருக்கும் ஏழைகளுக்கு வைக்கோலும் தீவனமும் கொடுக்க வேண்டும். பறவைக்காக என்று சொல்லி ஏழையின் மாட்டைப் பட்டினி போட நாம் சம்மதிக்க மாட்டோம்.

6. புல்வெளியில் மரம் நடும் விழா வேண்டாம். வேலிக்காத்தானை வேரோடு களையும் வேலையை உள்ளூர்த் தொழிலாளர்களுக்குக் கொடுக்க வேண்டும்.

7. ஊசுடு ஏரியில் மேய்ச்சலையும் புல்லறுப்பையும் பற்றி எந்த முடிவு எடுத்தாலும், மேய்ப்பவர்களையும் அறுப்பவர்களையும் உட்கார வைத்துப் பேசிய பிறகே எடுக்க வேண்டும்.

இவற்றில் எது முடியாத காரியம்? நடுவிலிருந்து அறுப்பதற்கு ஒரு காசு அதிக முதலீடு வேண்டுமா? ஒரு பகுதியை ஆறு வாரம் விட்டுவைத்தால் சர்க்கார் கஜானா திவாலாகிவிடுமா? மனமிருந்தால் வருகிற பங்குனியிலேயே தொடங்கலாம்.

ஐக்கிய நாடுகள் சபை 2026ஆம் ஆண்டை மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்கும் உரிய சர்வதேச ஆண்டாக அறிவித்திருக்கிறது. உலகம் மேய்ப்பனுக்கு மரியாதை செய்ய முன்வரும்போது, நம் ஊர் அதிகாரி அவனுக்கு அபராதச் சீட்டுக் கிழிப்பது வெட்கக்கேடு!

கழனித் தோழர்களே! ஆலைத் தோழர்களே! புல் அறுக்கும் தாய்மார்களே! கரையில் உங்கள் மாடு மேயும் இடம் எது, ஏட்டில் அது என்ன பெயரில் இருக்கிறது என்று முதலில் விசாரியுங்கள். பக்கத்து வீட்டுக்காரரோடு சேர்ந்து எழுதிக் கேளுங்கள். அறுக்கும்போது முட்டை தென்பட்டால் அந்தக் குத்தை விட்டு அறுங்கள். உங்களில் பலர் சொல்லாமலே செய்கிற காரியம்தான் அது. அதை இனி ஊரறியச் செய்யுங்கள். பறவையின் பெயரால் உங்களை விரட்ட வருகிறவர்களுக்கு அதைக் காட்டிக் கேளுங்கள்: கூட்டைக் கலைத்தவர் யார்? காத்தவர் யார்?